பிலிம் கேமரா வேண்டும் என்று கேட்ட மகனுக்கு

மகனே, நலமா என்று கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சிரித்த சிரிப்பிலேயே நலமாக இருப்பது தெரிந்துவிட்டது. இந்தக் கடிதத்தை உன் அப்பா படித்த பிறகுதான் தபாலில் சேர்ப்பார். உன் கைக்கு வந்ததும் நீ கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணிடமும் கொடு. நீ கொடுக்காவிட்டால் அவளுக்கு இன்னொன்று நானே எழுதி அனுப்புவேன். இதை இரண்டு முறை எழுத எனக்குக் கை வலிக்காது. ஏழு வருஷமாக மனதுக்குள் எழுதிக்கொண்டிருப்பதுதான்.

நீ கேட்டதை முதலில் எழுதுகிறேன், அந்தப் பெண்ணுக்கும் புரியட்டும். "அம்மா, ஒரு பழைய பிலிம் கேமரா வாங்கணும்மா. சின்னது, பாக்கெட்டுல வெக்கிற மாதிரி. பட்டன அமுக்குனா படம் வுழுவணும், வேற ஒண்ணும் திருகக் கூடாது. நிச்சயதார்த்தத்துக்கு அதுலதான் எடுக்கப்போறேன். எங்க ஆபீஸ்ல ரெண்டு பேரு வெச்சிருக்காங்க, அந்தப் படத்துல ஒரு உயிர் இருக்குதும்மா" என்றாய். உன்னிடம் டிஜிட்டல் கேமரா இருக்கிறது, போனிலும் படம் எடுக்கிறாய், அதெல்லாம் சலித்துவிட்டது போல. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது. "நம்ம பழசு என்னாச்சி? அது இல்லன்னா மங்கலம்பேட்டை பாய் கடையில பாரும்மா. பாத்து வாங்குறதுல நீதான் கெட்டிக்காரியாச்சே" என்றாய். நம்ம பழசு என்ன ஆயிற்று என்று என்னிடமே கேட்க உனக்கு எப்படி நாக்கு புரண்டது? நான் "பாக்குறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த உன் அப்பா, "என்னா கேக்குறான்?" என்றார். "கேமரா கேக்குறான்" என்றேன். "வாங்கிக் குடேன், புள்ள ஆசையா கேக்குது" என்றார். அவருக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு மங்கலம்பேட்டைக்குப் போனேன். ஆமாம், போனேன். நீ கேட்டால் உடனே ஓடுகிற புத்தி எனக்கு இன்னும் போகவில்லை. பாய் மவுத்தாகி இரண்டு வருஷம் ஆகிறதாம். அவர் மகன் கடையை நடத்துகிறார். எங்கே பார்த்தாலும் செல்போன். பழைய கேமரா என்றதும் அவர் சிரித்துவிட்டு, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இழுத்துப் போட்டார். "இதெல்லாம் இப்ப யாரும்மா கேக்குறாங்க? சபுர்லேர்ந்து வந்தவங்க வுட்டுட்டுப் போனது. பாத்து எடுத்துக்குங்க" என்றார். சபுர் என்று அவர்கள் சொல்வது வளைகுடாவுக்கு வேலைக்குப் போவதை. பெட்டியில் மூன்று தேறும் போல இருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

எப்படிப் பார்த்தேன் என்று சொல்கிறேன், நீயும் தெரிந்துகொள். முதலில் பேட்டரி போடும் இடத்தைத் திறக்க வேண்டும். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் அப்படியே கீழே வைத்துவிட வேண்டும். நம் கேமரா அப்படித்தான் போனது. உள்ளே பேட்டரியை விட்டுவிட்டு நான் ஏழு வருஷம் தொடவில்லை, ஒழுகித் தின்றுவிட்டது. அடுத்து லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். சிலந்தி நூல் போலப் பூஞ்சை ஓடியிருந்தால் படம் புகை மூடினது போல விழும். பேட்டரி போட்டு ஃபிளாஷை ஏற்றினால் காதோரம் கொசு பாடுவது போல மெல்லிய சத்தம் வர வேண்டும், கொஞ்ச நேரத்தில் விளக்கு எரிய வேண்டும். கடைசியாகப் பின்மூடி. அதன் ஓரத்தில் கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கும், விரலால் தொட்டால் பிசுபிசுக்கக் கூடாது. அது கெட்டால் வெளிச்சம் உள்ளே நுழையும். வெளிச்சம் நுழைந்தால் பிலிமில் இருப்பது போய்விடும். இது உனக்கு நான் சொல்லித் தர வேண்டியது இல்லை.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தப் பெரிய பாய்தான். நீ எட்டாவதோ ஒன்பதாவதோ படித்துக்கொண்டிருந்தாய், என்னோடு வந்திருந்தாய். ஒரு மத்தியானம் முழுக்க அவர் கடையில் உட்கார்ந்து நான்கு கேமராவைப் புரட்டினேன். நீ, "யம்மா, ஏதாவது ஒண்ண எடும்மா, போலாம்" என்று நச்சரித்தாய். பாய் சொன்னார், "தம்பி, அம்மா சரியாத்தான் பாக்குறாங்க. வாங்கறப்ப பாக்காம வுட்டா, படம் கழுவறப்ப அழுவணும்." அப்போது எடுத்ததுதான் அந்த ஜப்பான் கேமரா. கறுப்பு நிறம், லென்ஸுக்கு நகர்த்தும் மூடி, படத்தின் மூலையில் ஆரஞ்சு எழுத்தில் தேதி விழும். எனக்கு அந்தத் தேதி ரொம்பப் பிடித்திருந்தது. எங்கள் செராமிக் கம்பெனியில் பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறவளுக்குப் படத்தில் என்ன இருக்கிறது என்று இவ்வளவு அக்கறையா என்று சூளைக்காரர்கள் கேலி பேசினார்கள். கம்பெனியில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் நான்தான் படம் எடுத்தேன்.

நீ பிளஸ் டூ போன வருஷம் ஆயுத பூஜைக்கும் எடுத்தேன். மிஷின்களையெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தோம். ஃபியூஸ் கட்டை அடிக்கும் மோட்டார் பிரஸ்ஸுக்கு முன்னால் பெண்கள் நின்றார்கள். நடுவில் ஆரோக்கியம். உன் ஆரோக்கியம் அத்தை. அவளை அந்தப் பெண்ணுக்கு நீ என்ன சொல்லி அறிமுகப்படுத்துவாய் என்று தெரியவில்லை, நான் சொல்கிறேன். அவள் எனக்குப் பன்னிரண்டு வருஷம் பக்கத்து வீடு. உனக்கு ஏழு வயதில், மாசி மகத்துக் கூட்டத்தில் மணிமுத்தாற்றங்கரையில் உன்னைத் தொலைத்துவிட்டு நான் பைத்தியம் போல ஓடியபோது, ராட்டினத்துக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்த உன்னைக் கண்டுபிடித்து இடுப்பில் தூக்கிவந்தவள். கிறிஸ்துமஸுக்கு அவள் செய்யும் முறுக்கில் முதல் பங்கு உனக்குத்தான். பிரஸ்ஸில் கை உள்ளே போகாமல் தடுக்க ஒரு கம்பி வலை இருக்க வேண்டும். அது இருந்தால் வேலை மெதுவாக நடக்கிறது என்று முதலாளி கழற்றச் சொல்லி நான்கு மாதம் ஆகியிருந்தது. வலை சுவரோரம் சாய்ந்து கிடந்தது. நான் எடுத்த படத்தில் மாலை போட்ட பிரஸ்ஸும், வலை இல்லாத வாயும், சுவரோரம் கிடந்த வலையும், மூலையில் தேதியும் எல்லாம் விழுந்திருந்தது. எனக்கு அப்போது அது தெரியாது. நான் முகங்களைத்தான் பார்த்தேன்.

பூஜை முடிந்த ஒன்பதாம் நாள் பிரஸ் அவள் வலது கையில் மூன்று விரலை எடுத்துக்கொண்டது. நான் போவதற்குள் கையைத் துணியில் சுற்றி ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். அவள் அழவில்லை. "அக்கா, அடுப்புல பால வெச்சிட்டு வந்தேன்" என்றாள். பால் காலையிலேயே இறக்கியாகிவிட்டது, அவளுக்கு நினைவு குழம்பியிருந்தது. மறுநாள் போனால் பிரஸ்ஸில் புது ஆணி அடித்து வலை மாட்டியிருந்தது. வலை எப்போதும் இருந்தது, அன்றைக்கு ஆரோக்கியம் தானாகவே கழற்றிவிட்டு அடித்தாள் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. தானாகக் கழற்றியிருந்தால் அவளுக்கு நஷ்டஈடு கிடையாதாம். சட்டம் அப்படி.

இனி என் தப்பைச் சொல்கிறேன். உன்னை மட்டும் திட்டி முடித்துவிடுவேன் என்று நினைக்காதே. ரோல் கேமராவுக்குள்ளேயே இருந்தது. முப்பத்தாறு படத்தில் இருபத்திரண்டுதான் எடுத்திருந்தேன். அந்தக் காலத்தில் ரோல் முடியாமல் யார் கழுவக் கொடுப்பார்கள்? அப்படித்தான் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். ஆரோக்கியம் கேட்டாள். "அக்கா, ஆயுத பூஜைக்கு எடுத்தியே, அதக் கழுவிட்டியா? அதுல வலை இருக்காதுக்கா." நான், "ரோல் முடியலடி, முடிஞ்சதும் குடுக்குறேன்" என்றேன். பொங்கல் போனது, மாசி போனது. கழுவினால் படம் வரும், படம் வந்தால் காட்ட வேண்டும், காட்டினால் வேலை போகும், உனக்கு அந்த வருஷம் பிளஸ் டூ. எட்டு மாதம் நான் ஒரு பட்டனை அமுக்காமல் உட்கார்ந்திருந்தேன். விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்த அன்றைக்குச் சோறு போட்டுக்கொண்டே உன்னிடம்தான் சொன்னேன். "அந்தக் கேமராவுக்குள்ள படம் இருக்குதுடா. வலை இல்லாம. தேதியோட. என்னா பண்றதுன்னு தெரியல." நீ நிமிர்ந்து பார்த்தாய். "அத ஏம்மா வெளிய சொல்ற?" என்றாய். உன் வாயிலிருந்து வந்ததும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்ததும் ஒன்றாகவே இருந்தது.

உனக்கு மார்க்கு வந்திருந்த சமயம். முதலாளி வீட்டுக்கு உன்னை ஸ்வீட்டோடு அனுப்பியதும் நான்தான். "கால்ல வுழுந்து கும்புடு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, கைய கட்டிகிட்டு நில்லு" என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவருக்கு நீ சேர ஆசைப்பட்ட காலேஜில் ஆட்களைத் தெரியும் என்று ஊருக்கே தெரியும். நீ திரும்பி வந்து, "பாக்குறேன்னு சொன்னாரும்மா" என்றாய். அங்கே அந்தப் படத்தைப் பற்றி அவராகக் கேட்டாரா, நீயாகச் சொன்னாயா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது கேமரா பின்மூடி திறந்து மேஜைமேல் கிடந்தது. பிலிம் முழுக்க வெளியே கிடந்தது, பழுப்பு நிறத்தில் சுருண்டு சுருண்டு. "கை பட்டு தானா தொறந்துகிச்சிம்மா. தெரியாம ஆயிடுச்சி" என்றாய். உன் முகத்தில் வேர்வை இருந்தது. பயம் இருந்ததா என்று பார்த்தேன். இல்லை.

அந்தச் சுருளை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பாலக்கரையில் இருந்த ஸ்டுடியோக்காரரிடம் ஓடினேன், ஏதாவது தேறுமா என்று. அவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு என்னையே பார்த்தார். "இந்த மாடல் கேமராவுல எடுத்த படம் உள்ள உருளையில சுத்திக்கும்மா. மூடி தெரியாம தொறந்தா மேல இருக்குற நாலு சுத்துதான் போவும். முதல்ல எடுத்தது அடியில இருக்கும், அது தப்பிச்சிடும். இது தானா ஆனதில்ல. முழுக்க இழுத்து வெயில்ல பிடிச்சிருக்காங்க" என்றார். ஆயுத பூஜைப் படங்கள் ரோலின் ஆரம்பத்தில் எடுத்தவை. நீ வெறுமனே திறந்து மூடியிருந்தால் அவை பிழைத்திருக்கும். உனக்கு அது போதவில்லை. கடைசிக் கட்டம் வரை உருவி எடுத்து வெயிலில் காட்டியிருக்கிறாய். பதினேழு வயதில் அவ்வளவு பொறுமை உனக்கு எங்கிருந்து வந்தது? கணக்குப் போடும்போது கூட அவசரத்தில் கழித்தலைக் கூட்டலாகப் போடுகிற பிள்ளை நீ.

வீட்டுக்கு வந்து உன்னை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் உனக்கு நான் செய்த பெரிய கெடுதல். அடித்திருக்க வேண்டும், தெருவில் நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும். சட்டியில் இருந்த குழம்பைச் சூடு பண்ணிப் போட்டேன். நீ சாப்பிட்டாய், இன்னும் கொஞ்சம் கேட்டாய், போட்டேன்.

விசாரணை கம்பெனி ஆபீஸ் அறையிலேயே நடந்தது. ஆரோக்கியம் வலது கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு நின்றாள். "ஆயுத பூஜைக்கு அக்கா போட்டோ எடுத்தாங்க சார். அதுல பாருங்க, வலை கீழதான் கெடக்கும்" என்றாள். விசாரிக்க வந்த அதிகாரி நல்ல மனிதர். என்னைத் திரும்பிப் பார்த்து, "போட்டோ இருக்குதாம்மா?" என்றார். "ரோல் வீணாயிடுச்சிங்க. கேமரா கெட்டுப்போச்சி" என்றேன். அவர் விடவில்லை. "சரிம்மா, படம் போவட்டும். நீங்க கண்ணால பாத்தீங்களா, வலை இருந்துதா இல்லையா?" முதலாளி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஞாபகம் இல்லீங்க" என்றேன். எனக்குப் பின்னால் வந்த ஐந்து பெண்களும் அதையே சொன்னார்கள். என் வாய் திறந்திருந்தால் அவர்கள் வாயும் திறந்திருக்கும். அவளே கழற்றினாள் என்று முடிந்துபோனது. மறு மாதம் ஆரோக்கியம் வீட்டைக் காலி செய்துகொண்டு சேத்தியாத்தோப்புக்குத் தன் அண்ணன் ஊருக்குப் போய்விட்டாள். சாமான் ஏற்றும்போது நான் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். அதே வாரம் உனக்குக் காலேஜில் இடம் கிடைத்தது. "பையன் சூட்டிப்பும்மா, நம்ம வூட்டுப் புள்ள மாதிரி" என்று முதலாளி என்னிடம் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு அதே இடத்தில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். நீ படித்தாய், பெங்களூர் போனாய், இப்போது உயிருள்ள படம் தேடுகிறாய்.

மங்கலம்பேட்டைக்கு வருகிறேன். மூன்றில் முதலாவதில் பூஞ்சை. இரண்டாவது அருமையாக இருந்தது, ஃபிளாஷ் பாடியது, ஸ்பாஞ்சு கூடக் கெடவில்லை. உனக்கு அதுதான் சரி என்று முடிவு பண்ணிவிட்டேன். அதற்குள் பாய் மகன், "இதையும் பாருங்கம்மா" என்று மூன்றாவதன் பின்மூடியைச் சடக்கென்று திறந்தார். உள்ளே பாதி எடுத்த ரோல் ஒன்று இருந்தது. "மூடுங்க, மூடுங்க" என்று கத்தி அவர் கையில் அடித்தே விட்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மூடிவிட்டு, "பழைய ரோலும்மா. யாருது எதுன்னே தெரியாது, இதுக்குப் போயி…" என்றார். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். யாரோ முகம் தெரியாதவருடைய ரோலுக்காக ஒரு நல்ல பிள்ளையின் கையில் அடித்திருக்கிறேன். என் பிள்ளை கையில் அடிக்கவில்லை. அந்த இரண்டாவது கேமராவைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வேண்டுமானால் நீயே போய் வாங்கிக்கொள், என் பெயரைச் சொன்னால் தருவார். என் கையால் உனக்கு அதை வாங்கித் தர மாட்டேன்.

அங்கிருந்து வீட்டுக்கு வரவில்லை. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அப்படியே சேத்தியாத்தோப்பு பஸ் ஏறினேன். ஆரோக்கியம் அங்கே அங்கன்வாடியில் சமைக்கிறாள். வீட்டு வாசலில் உட்கார்ந்து இடது கையால் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், நீ செய்ததையும் நான் மறைத்ததையும். அவள் உரிப்பதை நிறுத்தவே இல்லை.

"இத எதுக்குக்கா இப்ப வந்து சொல்ற?" என்றாள்.

"மனசு தாங்கலடி."

"ஒன் மனசு லேசாவணும்னு ஏழு வருசம் கழிச்சி எங்கிட்ட கொண்டாந்து எறக்குறியா? படம் போனது எனக்குப் பெருசு இல்லக்கா. அன்னிக்கி அந்த ரூம்புல நீ வாயத் தொறப்ப, இப்பத் தொறப்பன்னு ஒன் மூஞ்சியவே பாத்துகிட்டு நின்னேன். படம் எதுக்கு? நீ இருந்தியே."

அழுதேன். அவள் சமாதானம் சொல்லவில்லை. "அவனுக்கோசரம் நீ அழுவாத. அவனுக்கு வாயில்லயா? அவன வரச் சொல்லு" என்றாள். "வந்தா மன்னிச்சிடுவியா ஆரோக்கியம்?" என்று கேட்டேன். "அத அவன் வந்த பொறவு அவங்கிட்ட சொல்றேன். அதயும் நீயே கேட்டு வாங்கிட்டுப் போவப் பாக்குற" என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

நேற்று கம்பெனிக்குப் போய் முதலாளியிடம், "வலை இல்லீங்க. நாலு மாசமா இல்ல. நான் பாத்தேன்" என்றேன். "என்னாம்மா இப்ப, எப்பவோ முடிஞ்ச கதை" என்றார். அதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒன்றை அவர் மேஜைமேல் வைத்தேன், இன்னொன்றை ஆரோக்கியத்துக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். அதை வைத்து அவள் கேஸ் போடட்டும், கிழித்துப் போடட்டும், அவள் இஷ்டம். என் தூரிகைகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சாயங்காலம் உன் அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, "அந்தப் பொண்ணுதான நம்ம புள்ளயத் தூக்கிகிட்டு வந்துது" என்று மட்டும் கேட்டார். நிச்சயதார்த்தப் பத்திரிகைகள் அலமாரியில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. அவர் ஒன்றையும் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

உனக்கு இப்போது கோபம் வரும். அம்மா நல்ல நாளை நாசம் பண்ணுகிறாள் என்று தோன்றும். தோன்றட்டும். அப்போது சின்னப் பையன், விவரம் தெரியவில்லை என்று சொல்லாதே. வெயிலில் பிலிமைப் பிடித்தால் என்ன ஆகும் என்ற விவரம் தெரிந்துதான் செய்தாய். எனக்காகத்தான் செய்தேன் என்றும் சொல்லாதே. அப்படிச் சொன்னால் நான் பாதி நம்பிவிடுவேன். அதனால்தான் சொல்ல வேண்டாம் என்கிறேன்.

வருகிற சனிக்கிழமை கிளம்பி வா. விருத்தாசலத்தில் இறங்கி வீட்டுக்கு வராதே, வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். நேரே சேத்தியாத்தோப்பு பஸ் ஏறு. ஆற்றுப் பாலம் தாண்டி இறங்கி, மாதா கோயிலுக்கு இடது பக்கத் தெருவில் கேட்டால் யாரும் வீட்டைக் காட்டுவார்கள். ஒன்றும் வாங்கிக்கொண்டு போகாதே, பழம் கூட வேண்டாம். தரையில் உட்கார். அன்றைக்கு முதலாளி வீட்டில் அவர் கேட்டாரா, நீ சொன்னாயா என்பதிலிருந்து ஆரம்பித்து, அவளிடம் நீயே சொல். என் பெயரை இழுக்காதே, என் பங்கை நான் சொல்லிவிட்டேன். மூன்றேகாலுக்கு விருத்தாசலம் திரும்ப ஒரு பஸ் இருக்கிறது. அதில் ஏறிவிடாதே. அவள் பேசி முடிக்கட்டும்.